கியர் போடும் கை

நான் போய்ச் சேர்ந்தபோது என் தங்கை கணவனின் இடது கை வைஸில் இருந்தது. இரும்பை அறுக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்வதற்காகப் பட்டறை மேஜையில் முடுக்கி வைத்திருக்கும் கருவி அது. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே அவன் நான்கு விரல்களும் உள்ளங்கையின் பாதியும் போயிருந்தன. கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றது. இறுக்கும் கைப்பிடி பட்டறை ஃபோர்மேனின் பிடியில் இருந்தது.

இடது கையை அவர் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். சாந்தன்பாறைக்கு மேலே உள்ள அந்த ஏலத்தோட்டத்தில் பல வருடம் ஜீப் ஓட்டியவன் என் தங்கை கணவன். மலைப்பாதையில் ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையால் சமாளித்துவிடலாம். வளைவுக்கு வளைவு கியர் மாற்றாமல் இறங்க முடியாது. கியர் இடது பக்கம் இருக்கிறது.

"வலது கைய விட்டுட்டேன்லே. சோறு திங்கணும்லா" என்றார் ஃபோர்மேன்.

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

தோட்டத்து முதலாளியின் மகன் ஒரு சிறிய விமானம் வைத்திருந்தார். எல்லோரும் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். விமானத்தில் இரண்டு பேர் உட்காரலாம். இறக்கைகள் துணி போர்த்தியவை. இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் விசிறி. மலை முகட்டில் புல்லை வெட்டிச் சமன் செய்த குட்டையான ஓடுபாதை. காலையில் காற்று கிளம்புமுன் பறந்துவிட்டு இறங்கிவிடுவார். அன்று காலை மேலே போன பிறகுதான், பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் விளக்கு சிவப்பாக எரிவதைக் கவனித்திருக்கிறார். சற்று நேரத்தில் ரேடியோ செத்துவிட்டது. இறங்கும்போது வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கையின் பின் ஓரத்தில் ஒரு பலகை கீழே மடங்க வேண்டும். அதை மடக்குவது பேட்டரியில் ஓடும் மோட்டார். அது அசையவில்லை. வந்த வேகத்தில் இறங்கி, பாதை முடிந்த பிறகும் நிற்காமல், விமானம் ஏலச்செடிகளுக்குள் புகுந்தது. இடது சக்கரத்தின் கால் ஒடிந்தது. இறக்கை நுனி மரத்தில் மாட்டிக் கிழிந்தது. அவர் நெற்றி முன்பலகையில் மோதிப் பிளந்தது.

ரத்தம் கண்ணில் வழிய வெளியே வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரோ ஒயரை வெட்டிட்டான்" என்பது.

அது போதுமானதாக இருந்தது. சில நாட்களுக்கு முன்தான் என் தங்கை கணவனிடமிருந்து ஜீப்பைப் பிடுங்கித் தன் அக்கா மகனுக்குக் கொடுத்திருந்தார் ஃபோர்மேன். டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி, "இந்தத் தோட்டத்துல ஒரு வண்டியும் ஒழுங்கா ஓடாது, பாத்துக்கிடுங்க" என்று இவன் சொல்லியிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் ஜீப்பில் விட்டுப்போன தன் தூக்குவாளியை எடுக்கப் பட்டறைக்கும் போயிருந்தான். ஜீப்பும் விமானமும் நிற்பது அந்தப் பட்டறைக் கொட்டகையில்தான்.

அவனை டீக்கடையிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். முன்பற்கள் இரண்டு வழியிலேயே போயிருந்தன. மேல்சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தமும் எச்சிலும். என் தங்கை அதே தோட்டத்தில் ஏலக்காய் தரம் பிரிப்பவள். பத்திரிகை நிருபரான எனக்கு அவள்தான் போன் செய்தாள். நான் போனபோது கொட்டகை வாசலில் அவளை இரண்டு பெண்கள் கட்டிப் பிடித்திருந்தார்கள். பிடித்திருந்தவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

"போலீஸுக்குச் சொல்றேன்" என்று நான் போனை எடுத்தேன். எடுத்த கையை ஒருவன் முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். இன்னொருவன் போனைப் பிடுங்கிச் சுத்தியலால் ஓர் அடி அடித்தான்.

"பேப்பர்காரரு நின்னு பாக்கட்டும்லே. பாத்துட்டு எழுதட்டும்" என்றார் ஃபோர்மேன்.

அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் முறுக்கிய கையோடு நின்றுதான் பார்த்தேன்.

கொட்டகையில் குரல் உயர்த்திப் பேசிய வேறொருவர் விமான டெக்னீஷியன் மட்டுமே. ஆனைகட்டிக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். அதற்கென்று படித்து, சான்றிதழ் வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் இப்படிச் சின்ன விமானங்களைப் பராமரித்துவந்தார். மாதாந்தரச் சோதனைக்காக அன்று காலை வந்திருந்தார். சண்டைக்காரி என்று தோட்டத்தில் பெயர். சின்ன முதலாளியையே திட்டுவார்.

"ஏனுங்க, நான் பாத்துச் சொல்ற வரைக்கும் அந்தாள் மேல கைய வெக்காதீங்க. அப்புறம் நான் பாக்கவே மாட்டேன்" என்றார்.

"நீங்க பாருங்க மேடம். நான் சும்மா புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."

சின்ன முதலாளி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து நெற்றியில் துண்டை அழுத்தியிருந்தார். துண்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "வெட்டின எடத்தைக் காட்டு. அது போதும்" என்றார். எது போதும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வெட்டு கிடைத்தால் கை போகும்.

விமானத்தை ஏலச்செடிகளிலிருந்து தூக்கி வந்து, மூக்கு கொட்டகைக்குள்ளும் வால் வெளியிலுமாக நிறுத்தியிருந்தார்கள். ஒடிந்த காலுக்குப் பதிலாக மரக்கட்டை. டெக்னீஷியன் பேட்டரியிலிருந்து தொடங்கினார். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். "பேட்டரி சுத்தமா காலி." அங்கிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே இன்ஜின் வரைக்கும் போனார். ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், மறுபடி பூட்டினார். ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒயர்ல வெட்டு இல்லீங்க."

"நல்லாப் பாருங்க" என்றார் ஃபோர்மேன். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினார். என் தங்கை கணவன் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றான். ஃபோர்மேனை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நான் தொடலை அண்ணாச்சி. பிள்ளைங்க மேல சத்தியமா தூக்குவாளியத்தான் எடுத்தேன்."

"தூக்குவாளி எடுக்க இவ்வளவு நேரமாலே?"

டெக்னீஷியன் திரும்பிப் பார்க்கவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த இன்ஜினின் பின்புறத்தில் டைனமோவில் காந்தம் சுழன்று மின்சாரம் உண்டாக்குகிறது. அது ஏறி இறங்கும் மின்சாரம், அப்படியே பேட்டரிக்குப் போகக் கூடாது. நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறது. ரெகுலேட்டர். அதுதான் மின்சாரத்தை நேராக்கி, அளவாக்கி, பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆக மூன்று இடங்களில் கோளாறு இருக்கலாம்: உண்டாக்கும் இடம், பெட்டி, இரண்டையும் சேர்க்கும் ஒயர். ஒயர் முடிந்தது. மற்ற இரண்டையும் பார்க்க இன்ஜினை ஓட்ட வேண்டும்.

வாலைக் கயிற்றால் வெளியே ஒரு மரத்தில் கட்டினார்கள். பேட்டரி காலியானதால் ஜீப் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்தார்கள். "விசிறிப் பக்கம் எவனும் போகக் கூடாது. போனா தலை போயிரும், அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது" என்று கத்திவிட்டு டெக்னீஷியன் சாவியைத் திருப்பினார்.

விசிறி வெளியே இருந்தும் கொட்டகையின் தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. மூலையில் குவித்திருந்த ஏலக்காய்த் தொலி பறந்து எல்லோர் முகத்திலும் அறைந்தது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடினார்கள். இன்ஜின் வேகம் ஏற ஏற வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பெட்டிக்கு வரும் இரண்டு மஞ்சள் ஒயர்களைப் பிடுங்கி, அவற்றில் மீட்டரை வைத்தார் டெக்னீஷியன். எண்கள் ஏறின. அப்போதுதான் நான் வைஸைப் பார்த்தேன். ஃபோர்மேன் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், ஒரு போல்ட்டை முடுக்குவதுபோல. என் தங்கை கணவன் வாயை அகலமாகத் திறந்திருந்தான். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

மஞ்சள் ஒயர்களைத் திரும்பப் பூட்டி, பெட்டியிலிருந்து வெளியேறும் பக்கத்தில் மீட்டரை வைத்தார் டெக்னீஷியன். பார்த்தார். பெட்டியின் அடியில் இருந்த போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார்.

விசிறி நிற்க நிற்க அவன் குரல் பாதியிலிருந்து கேட்கத் தொடங்கியது. அந்தக் குரல் ஏற்கெனவே உடைந்திருந்தது.

டெக்னீஷியன் திரும்பினார். மேஜையைப் பார்த்தார். "தூ, மனுசனாய்யா நீ" என்றார். பிறகு சின்ன முதலாளியிடம், "டைனமோ நல்லா இருக்குதுங்க. மின்சாரம் வருது. பொட்டிக்கு உள்ள போறது வெளிய வரலை. பொட்டி செத்துப் போச்சு. வெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவுத்து விடச் சொல்லுங்க."

சின்ன முதலாளி துண்டை எடுத்துத் திருப்பி மடித்தார். "பொட்டி தானாவா சாகும்?"

"சூட்டுல சாகலாம். அடி போல்ட்டு லூசா இருந்தாச் சாகலாம், அது இறுக்கமாத்தான் இருக்குது. இல்லீன்னா யாராச்சும் பேட்டரியில கைய வெச்சுருக்கோணும்."

"அதத்தான மொதல்லருந்து சொல்லுதேன்" என்றார் ஃபோர்மேன். குரலில் ஒரு வெற்றி இருந்தது. "இவன் கைய வச்சுருக்கான். ஏன்னா நேத்துச் சாயங்காலம், இவன் வாறதுக்கு முன்னாடி, நானே பாத்தேன். டைனமோ ஜம்முன்னு இருந்துச்சு."

"எப்படிப் பாத்தீங்க?"

"எப்படின்னா? எல்லா வண்டிக்கும் பாக்குற மாதிரிதான். சின்ன முதலாளி ஸ்டார்ட்டிங் மெதுவா எடுக்குதுன்னாரு. இன்ஜினை ஓட விட்டு, முன் லைட்டைப் போட்டு, பேட்டரி ஒயரத் தூக்கிப் பாத்தேன்."

எங்கள் பக்கத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கும் ஜீப் மெக்கானிக் குறைவு. ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றுவார்கள். விளக்கு அணைந்தால் டைனமோ போச்சு. அணையாவிட்டால் நல்லது. பூப்பாறையிலிருந்து கம்பம்மெட்டு வரை எந்த வளைவிலும் பழைய ஜீப் நின்றால் முதலில் நடப்பது இதுதான். நானே எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விளக்கு அணையாதபோது எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

டெக்னீஷியன் மீட்டரைக் கீழே வைத்தார். "தூக்குனப்ப லைட்டு என்னாச்சு?"

"அணையவே இல்லையே. முன்னைவிடப் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு."

"பளிச்சுன்னா?"

"வெள்ளையா. கண்ணக் கூசிருச்சு. அவ்வளவு நல்ல டைனமோ."

டெக்னீஷியன் விமானத்தின் மூக்குப் பக்கம் போனார். விளக்கின் கண்ணாடியைக் கழற்றி பல்பை வெளியே எடுத்தார். உட்புறம் புகை படிந்து கருத்திருந்தது. இழை உருகி நெளிந்து தொங்கியது. அதைச் சின்ன முதலாளியின் மடியில் போட்டார்.

"இது ஜீப் இல்லீங்க. ஓடுறப்ப மின்சாரம் எகிறாம தாங்கிப் புடிக்கிறது பேட்டரிதான். அதைக் கழட்டுனதும் தாங்க ஆளில்லாம எகிறியிருக்குது. அதுலதான் லைட்டு வெள்ளையா எரிஞ்சுருக்குது. எரிஞ்சு பல்பும் போச்சு, பொட்டியும் போச்சு. ஒளிஞ்சு வந்தவன் ஒருத்தனும் இதப் பண்ணலீங்க. இன்ஜின் ஓடாம இதப் பண்ணவே முடியாது. ஓட்டுனது யாரு?"

இன்ஜின் ஓடினால் மலைக்கே கேட்கும். முந்தின நாள் சாயங்காலம் அது ஓடியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஓட்டியவர் ஃபோர்மேன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் கையை முறுக்கியிருந்தவனின் பிடி தளர்ந்தது.

"அவுத்து விடு" என்றார் சின்ன முதலாளி.

ஃபோர்மேன் பல்பைப் பார்த்தார். சின்ன முதலாளியைப் பார்த்தார். கடைசியாகத் தன் முன்னால் மேஜைமேல் குனிந்திருந்தவனைப் பார்த்தார். "லைட்டு எரிஞ்சுச்சுல்லா" என்றார். "எரிஞ்சா டைனமோ நல்லாருக்குன்னுதானலே அர்த்தம்?" கேள்வி அவனிடம். அவனும் ஜீப்காரன். அதே சோதனையை அவனும் ஆயிரம் தடவை செய்தவன். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். உடைந்த பற்களுக்கு நடுவே சிரிப்பு போல ஏதோ வந்தது. வலியில் உதடு அப்படி இழுத்ததா, நிஜமாகவே சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. ஃபோர்மேன் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கைப்பிடியின் மேல் தன் முழு எடையையும் போட்டார்.

எலும்பு உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. ஈர விறகை மிதித்தால் வருவது போல இருந்தது.

அடுத்தது என் தங்கை. பிடித்திருந்த பெண்களிடமிருந்து எப்படி வந்தாள் என்பதை நான் பார்க்கவில்லை. நான் பார்க்கும்போது ஜாக்கியின் இரும்புத்தடி அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. முதல் அடி ஃபோர்மேனின் தோளில். இரண்டாவது காதின் மேல். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். மூன்றாவது அடியை டெக்னீஷியன் குறுக்கே வந்து தடியைப் பிடித்து நிறுத்தினார். "போதும் அக்கா. செத்துப் போவான் அக்கா. உள்ள போய் உக்காந்துக்குவீங்களா நீங்க?"

கையை விடுவிக்க ஒருவன் ஓடினான். முதலில் சிரித்தவர்களில் ஒருவன். பதற்றத்தில் கைப்பிடியை முடுக்கும் பக்கமாகத் திருப்பினான். கொட்டகை மொத்தமும் அவனைப் பார்த்துக் கத்தியது. பிறகுதான் மறுபக்கம் திருப்பினான்.

அதன் பிறகு, காலையில் என் தங்கை கணவனை அடித்தவர்களே ஃபோர்மேனை அடித்தார்கள். அதே ஆட்கள், அதே உதைகள். சின்ன முதலாளி தடுக்கவில்லை. ஃபோர்மேன் தரையில் தலையை மூடிக்கொண்டு, "எரிஞ்சுச்சுலே, எரிஞ்சுச்சுலே" என்றுகொண்டிருந்தார். காதிலிருந்து வந்த ரத்தம் ஏலத் தொலியில் ஊறியது. அவரை அடித்தவர்களில் அவருடைய அக்கா மகனும் இருந்தான். ஜீப் அவனிடம்தான் இருந்தது.

அந்த ஜீப்பிலேயே என் தங்கை கணவனைத் தேனிக்குக் கொண்டுபோனோம். போடிமெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் வண்டி குலுங்கியது. அக்கா மகன் சரியாக ஓட்டத் தெரியாதவன். பின்சீட்டில் என் தங்கையின் மடியில் தலை வைத்துக் கிடந்தவன், கண்ணைத் திறக்காமலே, "செகண்டுல போடுலே. செகண்டு. மூதேவி, கிளட்ச்ச மிதிச்சுட்டுப் போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அக்கா மகனும் சொன்னபடியெல்லாம் போட்டான்.

சுண்டுவிரலும் அடுத்ததும் எடுக்கப்பட்டன. மீதியுள்ள விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. விரியாது, மூடாது. வழக்கு நடக்கிறது. டெக்னீஷியன் சாட்சி சொல்ல வந்து, அங்கும் வக்கீலோடு சண்டை போட்டார். விமானத்தின் பெட்டியை மாற்றினார்கள். முதல் ஓட்டத்திலேயே சார்ஜ் ஏறியது என்று கேள்விப்பட்டேன். ஃபோர்மேன் இப்போது பூப்பாறை ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு காது கேட்காது. வேலை நன்றாகத்தான் ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் நானும் என் தங்கை கணவனும் ஆளேற்றிப் போகும் டிரிப் ஜீப்பில் கம்பம்மெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் முன்சீட்டில், டிரைவருக்கு அடுத்து. இப்போதெல்லாம் அவன் பயணிதான். மூடுபனியில் ஹெட்லைட் மங்கியது. டிரைவர் ஓரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தான். "அண்ணே, ஆக்சிலேட்டர லேசா மிதிங்க, டைனமோ பாத்துருவோம்" என்று இவனிடம் சொல்லிவிட்டு, ஸ்பேனரோடு பேட்டரிமேல் குனிந்தான்.

இவன் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. இறங்கிப் போனான். டிரைவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள், பாதி மடங்கி இறுகிப்போன அந்த இடது கையால் அவன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. டிரைவர் பானெட்டில் மோதி விழுந்தான். பின்னால் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்து இவனைத் தள்ளி மிதிக்கத் தொடங்கினார்கள். நான் நடுவில் புகுந்தேன். எனக்கும் விழுந்தது.

டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகிற குரலில், "எதுக்குய்யா அடிச்ச? லைட்டு எரியுதான்னுதானய்யா பாக்கப் போனேன்?" என்றான்.

சேற்றில் கிடந்தபடியே, மிதி வாங்கிக்கொண்டே, இவன் சொன்னான்: "எரியும்லே. அன்னைக்கும் எரியத்தான் செஞ்சுச்சு."